மெய்ப்பாடும் உற்றறிதலும்: உடல்வழி உளச்சிகிச்சைக்கான தமிழ்ச் சொல்வளம் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

போர், பேரிடர், வன்முறை ஆகியவற்றால் பேரதிர்ச்சிக்கு உள்ளானோரை அவர்தம் உடலின் வழியே ஆற்றுப்படுத்தும் சிகிச்சை முறைகள் அண்மைப் பதிற்றாண்டுகளில் பரவலான கவனத்தைப் பெற்றுள்ளன. இம்முறைகளைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலோடு ஒப்பிட்டு, இவை தமிழர் முன்பே கண்டவை எனக் கூறும் போக்கும் உள்ளது. அவ்வொப்பீடு எவ்வளவில் பொருந்தும், எவ்விடத்தில் பொருந்தாது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. மெய்ப்பாடு காண்போரை மையமாகக் கொண்ட கோட்பாடு. உடல்வழிச் சிகிச்சை உறுவோரை மையமாகக் கொண்டது. இவ்வேறுபாட்டை ஏற்றுக்கொண்ட பின்னரும், மெய்ப்பாட்டியலும் அன்றாடப் பேச்சுவழக்கும் இச்சிகிச்சைக்குத் தேவையான சொற்களை வழங்குகின்றன என்பதும், கலைச்சொல்லாக்கத்தில் அவை போதிய அளவு பயன்படுத்தப்படவில்லை என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: மெய்ப்பாடு, உற்றறிதல், மனவடு, ஆற்றுப்படுத்தல், கையாறு, கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

தமிழகத்திலுள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றில் பெண்களுக்கான ஆற்றுப்படுத்தல் பயிற்சி நடைபெற்றபோது, அதற்கெனத் தமிழில் பெயர்க்கப்பட்ட கையேட்டின் மொழிநடையைச் செப்பம் செய்து தரும் வாய்ப்பு இக்கட்டுரையாளருக்குக் கிட்டியது. மூச்சுப் பயிற்சி, தசைகளை இறுக்கித் தளர்த்துதல், பாதங்களைத் தரையில் ஊன்றி அவ்வூன்றலை அறிதல் என எளிய பயிற்சிகளே அதில் இருந்தன. ஒவ்வொரு பயிற்சியின் இடையிலும் 'உங்கள் உடலில் எழும் உணர்வுகளைக் கவனியுங்கள்' என்னும் தொடர் திரும்பத் திரும்ப வந்தது. இலக்கணப் பிழையேதும் இல்லாத தொடர். ஆயின் அது படித்துக் காட்டப்பட்டபோது, 'கவலையா இருக்கு', 'பயமா இருக்கு' என்ற விடைகளே வந்தன. முதிய பெண்மணி ஒருவர், 'எதைப் பிள்ளை சொல்லுறது, மனசையோ உடம்பையோ?' என்று கேட்டார்.

அவ்வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். 'உணர்வு' என்னும் சொல் தமிழில் புலனறிவையும் உள்ளக் கிளர்ச்சியையும் தன்னினைவையும் ஒருசேரக் குறிப்பது. கையேட்டின் மூலமொழியில் இவை மூன்றற்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. அச்சிகிச்சை முறையோ, அச்சம் என்னும் கிளர்ச்சியினின்று நெஞ்சின் இறுக்கம் என்னும் உடலறிவைப் பிரித்துக் காணக் கற்பிப்பதையே தன் முதற்படியாகக் கொண்டது. மொழிபெயர்ப்பில் அம்முதற்படியே இல்லாமற் போயிற்று.

உடலை முதன்மைப்படுத்தும் சிகிச்சைகள்

உள்ளக் கிளர்ச்சியின் விளைவாகவே உடல் மாறுகிறது என்னும் பொதுக்கருத்தை 1884ஆம் ஆண்டு வெளிவந்த கட்டுரையில் வில்லியம் ஜேம்ஸ் தலைகீழாக்கினார். அஞ்சுவதால் நடுங்குகிறோம் என்பதைவிட, நடுங்குவதால் அஞ்சுகிறோம் என்பதே பொருத்தம் என்பது அவர்தம் வாதம். பிரெஞ்சு உளவியலறிஞர் பியேர் ஜானே, அதிர்ச்சிக்கு உள்ளானோர் அந்நிகழ்வின்போது தொடங்கி முடிக்கவியலாமற்போன செயலையே மீண்டும் மீண்டும் தொடர முயன்று களைத்துப் போகின்றனர் என்று கருதினார். வில்ஹெல்ம் ரைக், உளவியல் தற்காப்பானது தசைகளின் இறுக்கமாக உடலில் உறைந்துவிடுகிறது என்றார். அமெரிக்கரான பீட்டர் லெவின் இவ்வழியில் ஒரு சிகிச்சை முறையை வகுத்து, 1997இல் வெளியிட்ட நூலால் அதனைப் பரவச் செய்தார். இரையாகத் துரத்தப்பட்டுத் தப்பிய விலங்கு, இடர் நீங்கியபின் உடல் நடுங்கி அந்நடுக்கத்தின் வழியே இயல்புநிலைக்குத் திரும்புகிறது; மனிதர் அந்நடுக்கத்தை அடக்கிக்கொள்வதால் தற்காப்பு ஆற்றல் உடலில் தேங்கிவிடுகிறது என்பது அவர்தம் விளக்கம். நடந்ததை விரித்துரைக்கச் சொல்லாமல், உடலில் இப்பொழுது நிகழ்வதைச் சிறிது சிறிதாக அறியச் செய்து, தடைபட்ட அசைவை நிறைவுபெறச் செய்வது அவரது முறை. 2014இல் வெளிவந்த பெஸ்ஸல் வான் டெர் கோல்க்கின் நூல் இத்துறையைப் பொதுவாசகரிடம் கொண்டு சேர்த்தது.

இம்முறைகளின் பயன் குறித்து மிகையாகக் கூறுவோர் பலர் உள்ளமையின், சான்றுகளின் அளவை இங்குச் சுட்டுதல் வேண்டும். வான் டெர் கோல்க் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், நெடுநாள் சிகிச்சைக்குக் கட்டுப்படாத பேரதிர்ச்சிக் கோளாறுடைய 64 பெண்கள் 2 குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். 10 வாரங்கள் ஒரு குழுவினர் யோகப் பயிற்சியும், மற்றவர் பெண்கள் நலம் குறித்த வகுப்பும் பெற்றனர். முடிவில் யோகக் குழுவில் மதிப்பிடப்பட்ட 31 பேரில் 16 பேரும், மற்றைய குழுவில் 29 பேரில் 6 பேரும் அக்கோளாறின் வரையறைக்கு வெளியே வந்திருந்தனர். லெவினின் முறையைக் குறித்து இஸ்ரேலில் 63 பேரிடம் நிகழ்ந்து 2017இல் வெளிவந்த ஆய்வும் பயன் உண்டு என்றே காட்டியது. ஆனால் அதில் ஒப்பிடப்பட்டோர் வேறு சிகிச்சை பெற்றவரல்லர், சிகிச்சைக்குக் காத்திருந்தவரே. நிகழ்வை நேர்கொண்டு பேசச்செய்யும் சிகிச்சைகளுக்கு உள்ள சான்று வலிமை உடல்வழி முறைகளுக்கு இன்னும் வாய்க்கவில்லை. விலங்கின் நடுக்கம் பற்றிய லெவினின் விளக்கமும் ஐயத்திற்கு அப்பாற்பட்டதன்று.

தமிழ்ச் சூழலில் கருதத்தக்க ஆய்வொன்று உண்டு. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர், இலங்கையின் வடகிழக்கில் போரையும் பேரலையையும் ஒருசேரக் கண்ட 31 சிறார்க்கு 2 வகைச் சிகிச்சைகள் அளிக்கப்பட்டன. ஒரு சாரார் தம் வாழ்க்கை நிகழ்வுகளைக் கோவையாக எடுத்துரைத்தனர். மறுசாரார் தியானமும் தளர்த்தற் பயிற்சியும் மேற்கொண்டனர். இரண்டும் 6 அமர்வுகளே. பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரியர்களே சிகிச்சையாளர்கள். 6 மாதங்களுக்குப் பின்னர், எடுத்துரைத்தோருள் 81 விழுக்காட்டினரும் தளர்த்தற் பயிற்சி பெற்றோருள் 71 விழுக்காட்டினரும் மீண்டிருந்தனர். 31 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. எனினும் பேசுவித்தல் ஒன்றே வழி என்னும் கருத்தை இது சற்று அசைக்கிறது. இதற்கு முன்னரே, யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், மூச்சுப் பயிற்சி, சாந்தியாசனம், மந்திரம் ஓதுதல் முதலிய மரபுவழித் தளர்த்தல் முறைகளை அவரவர் சமயத்திற்கேற்பப் பயன்படுத்துவதை வலியுறுத்தி வந்துள்ளார். உளத்துயரை உடல் நோவாகக் கூறுவோரை அறியாமையுடையோர் எனக் கருதலாகாது என்னும் புரிதல் அப்பணியின் அடித்தளம்.

மெய்ப்பாட்டியல்: காண்போரின் கோட்பாடு

மெய்ப்பாட்டியல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாம் இயல். நகை முதல் உவகை ஈறாக எட்டு மெய்ப்பாடுகளும், அவை ஒவ்வொன்றும் தோன்றும் நந்நான்கு நிலைக்களன்களும் அதில் வகுக்கப்பட்டுள்ளன. அச்சத்தின் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை ஆகியவற்றையும், அழுகையின் நிலைக்களன்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகியவற்றையும் தொல்காப்பியர் கூறுகிறார். இழவும் வறுமையும் ஒருங்கே எண்ணப்படுவதும், அஞ்சத்தக்கனவற்றுள் ஆட்சியாளரும் இடம்பெறுவதும் போர்க்காலத் துயரை ஆராய்வோர்க்கு வியப்பளிப்பன. இவற்றைக் கண்டு, 'உள்ளம் உடலில் வெளிப்படும் என்பதைத் தொல்காப்பியர் அன்றே கூறிவிட்டார்; எனவே உடல்வழிச் சிகிச்சையின் மூலம் தமிழே' என்று கருத்தரங்குகளில் முழங்கக் கேட்கிறோம். இக்கட்டுரையாளரும் தம் முதுகலைக் காலத்தில் அவ்வாறே எழுதியதுண்டு.

அது பொருந்தாது என்பதற்கு மெய்ப்பாட்டியலே சான்று. மெய்ப்பாடு என்பது ஒருவரிடத்து நிகழ்வது அதனைக் காண்போர்க்குப் புலனாதல். இளம்பூரணர் காட்டும் செயிற்றியக் கருத்தும் காண்போர்க்கு எய்துதலையே மெய்ப்பாட்டின் இலக்கணமாகக் கொள்கிறது. இயலின் இறுதி நூற்பாவும், கண்ணாலும் செவியாலும் நுட்பமாக உணரவல்லார்க்கன்றி மெய்ப்பாட்டின் பொருள்கோள் அறிதற்கு அரிது என்றே முடிகிறது. அணிகலனைத் தடவுதலும் உடையைக் குலைத்து உடுத்தலும் தலைவியின் உள்ளத்தைப் பிறர்க்குக் காட்டும் குறிகள். அவள் தன் உடலில் அதனை எவ்வாறு அறிகிறாள் என்பது அங்கு வினாவே அன்று. நூலின் நோக்கம் செய்யுள். செய்யுளைக் கேட்போர் பொருளுணர்தல்.

உடல்வழிச் சிகிச்சையில் காண்போரின் பார்வை துணை மட்டுமே. சிகிச்சையாளர் நோயாளியின் தோள் இறுகுவதைக் காணலாம். ஆயினும் சிகிச்சை நிகழ்வது அவ்விறுக்கத்தை நோயாளி தாமே உள்ளிருந்து அறியும்போதுதான். நடுக்கம் மெய்ப்பாட்டியலில் குறி. லெவினிடத்தில் அது தீர்வின் ஒரு பகுதி. ஒரே உடல்நிகழ்ச்சி ஓரிடத்தில் படிக்கப்படுகிறது, மற்றோரிடத்தில் நிகழவிடப்படுகிறது. துன்புற்றோரின் உடலைப் பிறர் படித்துப் பொருள் கூறுவதில் தீங்கும் உண்டு. விசாரணையிலும் சோதனைச் சாவடியிலும் தம் உடல் பிறரால் படிக்கப்பட்ட நினைவுடையோர்க்கு, தம்மை உற்றுப் பார்க்கும் கண் அச்சத்தையே தரும். எனவே மெய்ப்பாட்டியலை அப்படியே சிகிச்சைக் கோட்பாடாக்க முனைவது வரலாற்றுப் பிழையோடு நில்லாது.

முப்பத்திரண்டன் பட்டியல்

இவ்வாறு கூறியபின்னரும் மெய்ப்பாட்டியலை விட்டு நீங்க மனம் வரவில்லை. எட்டு மெய்ப்பாடுகளுக்குப் பின்னர், அவற்றுள் அடங்காதவழிக் கொள்ளத்தக்கனவாக வேறு முப்பத்திரண்டினைத் தொல்காப்பியர் எண்ணுகிறார். ஆய்வாளர் பலரும் எட்டினையே விரித்தெழுதி, இதனை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றனர். இப்பட்டியலில் துஞ்சல், அரற்று, கனவு, வெரூஉதல், உயிர்ப்பு, கையாறு, வியர்த்தல், நடுக்கு ஆகியன இடம்பெற்றுள்ளன. உறக்கக் குலைவு, புலம்பல், கொடுங்கனவு, திடுக்கிடல், மூச்சின் மாற்றம், செயலிழப்பு, வியர்வை, நடுக்கம் எனப் பேரதிர்ச்சியின் உடற்குறிகளை இன்று எண்ணுவோர் பெரும்பாலும் இவற்றையே எண்ணுவர். முப்பத்திரண்டனுள் எட்டினை மட்டும் இக்கட்டுரை தெரிந்தெடுத்துள்ளது என்பதை மறைத்தற்கில்லை. அடக்கம், வாழ்த்தல், பொறாமை முதலியனவும் அதே வரிசையில் உள்ளன. அது நோய்க்குறிப் பட்டியலன்று. கருதவேண்டியது கொள்கை ஒற்றுமையை அன்று, சொற்களின் கூர்மையை.

வெரூஉதலை எடுத்துக்கொள்வோம். அச்சம் எட்டனுள் ஒன்றாக முன்பே கூறப்பட்டிருக்க, வெரூஉதல் ஏன் தனியே எண்ணப்படுகிறது? பேராசிரியர் இதனை விலங்கும் பறவையும் வெருவி நிற்றல் போன்றது எனவும், அஞ்ச வேண்டாதன கண்டவழியும் விரைந்து தோன்றி மறைவது எனவும் கருத்துப்பட விளக்குகிறார். பட்டாசு வெடித்தாலும் கதவு அறைந்தாலும் துள்ளி எழும் முகாம்வாசியின் நிலைக்கு 'அதீத விழிப்பு', 'மிகை அதிர்வுத் துலங்கல்' என்றெல்லாம் கலைச்சொல் படைத்துள்ளோம். 'வெருவுதல்' என்னும் சொல் நம்மிடமே இருந்தது. நாட்டுப்புற வழக்கில் இன்றும் 'வெருண்டு போனான்' என்று உயிரோடு இருக்கிறது. அச்சத்திற்குப் பொருள் உண்டு. வெரூஉதலுக்கு அது தேவையில்லை. மருத்துவத்திற்கு வேண்டிய வேறுபாடும் இதுவே.

கையாறு இன்னும் ஆழ்ந்த சொல். 'கை' செயலையும் வலிமையையும் குறிக்கும். அது அறுதல் கையறுதல். தலைவனோ புரவலனோ மாய்ந்தபோது பாடப்படும் புறத்துறைக்குக் கையறுநிலை என்பதே பெயர். துயரின் மிகுதியைத் தமிழ் மரபு கண்ணீரால் அன்றிச் செயலற்ற கையால் பெயரிட்டது. செயல் தடைபட்டு உடல் உறைதலே பேரதிர்ச்சியின் உள்ளீடு என்று ஜானேயும் லெவினும் கருதியதை நோக்க, 'உறைநிலை' என்று அண்மையில் புனையப்பட்ட சொல்லினும் 'கையாறு' பொருட்செறிவுடையது. முகாமில் பெண்கள் கூறிய 'கை கால் விட்டுப்போச்சு' என்பதும் இதன் உறவே.

என்ன செய்கிறது?

மெய்ப்பாட்டியல் காண்போர் சொற்களைத் தந்தது. உறுவோர்க்குரிய சொல்லை எங்கே தேடுவது? மரபியல் ஓரறிவுயிர் முதலாக உயிர்களைப் பகுக்குமிடத்து, முதலறிவை உற்றறிதல் என்கிறது. அதற்குரிய பொறி மெய். 'உறு' என்னும் வினைக்குத் தொடுதல், நேர்தல், நுகர்தல் ஆகிய பொருள்கள் உண்டு. 'உற்றது', 'உறுதுயர்' என்னும் வழக்குகள் நினைக்கத்தக்கன. கண்டறிதல் பிறிதொன்றை அறிவது. உற்றறிதல் தன்மேற்பட்டதை அறிவது. தன் உடலின் உள்நிலையைத் தானே அறிதலைக் குறிக்க 'உள்ளுற்றறிதல்' என்பது பொருந்துமென இக்கட்டுரை முன்மொழிகிறது. தொல்காப்பியர் புறத்தீண்டலையே கருதினார் என்பது உண்மை; இது அவர் சொல்லை நீட்டுவதேயன்றி அவர் கருத்தென்று சாற்றுவதன்று.

கலைச்சொல் ஆய்வேட்டிற்கு உதவும். நோயுற்றோரிடம் அதனைக் கூற இயலாது. முகாமில் அன்று நிகழ்ந்ததும் அதுவே. 'உணர்வுகளைக் கவனியுங்கள்' பயனளிக்காதபோது, பயிற்றுநர் கையேட்டை மூடிவைத்துவிட்டு, 'உடம்புக்கு என்ன செய்யுது? எங்கை செய்யுது?' என்று கேட்டார். விடைகள் உடனே வந்தன. நெஞ்சுக்குள் கல் வைத்தது போல், அடிவயிறு குளிர்கிறது, வயிற்றைப் பிசைகிறது, தொண்டையை அடைக்கிறது. நோயுற்றாரைக் காணும் எவரும் கேட்கும் முதல் வினா அது; மொழிபெயர்ப்பாளர் நினைவுக்குத்தான் வரவில்லை.

இவ்விடைகளின் தொடரமைப்பு ஆய்வுக்குரியது. 'வயிற்றைப் பிசைகிறது' என்னும் தொடரில் செயப்படுபொருள் உண்டு, எழுவாய் இல்லை. பிசைவது எது? 'தலையைச் சுற்றுகிறது', 'குமட்டுகிறது', 'தொண்டையை அடைக்கிறது' ஆகியனவும் இவ்வாறே. உறுவோர் நான்காம் வேற்றுமையில் 'எனக்கு' என ஒதுங்கி நிற்கிறார். வினை நிகழ்கிறது, வினைமுதல் அவரல்லர். 'நான் பதற்றமாக இருக்கிறேன்' என்னும் தொடர் அவரையே பதற்றமாக்கிவிடுகிறது. 'எனக்கு நெஞ்சைப் படபடவென்று அடிக்கிறது' என்னும் தொடரில் அவர் படபடப்பை அறிபவராக நிற்கிறார். உடல்வழிச் சிகிச்சையாளர் பல அமர்வுகளில் பழக்க முயலும் இவ்விடைவெளி தமிழ்த் தொடரமைப்பில் இயல்பாகவே உள்ளது. இதனால் தமிழ் பேசுவோர் எளிதில் குணமாவர் என்பது பொருளன்று. உள்ள வழியை அடைத்துவிடாதிருத்தல் மொழிபெயர்ப்பாளர் கடமை என்பதே பொருள்.

வடுவும் ஆறுதலும்

நோய்க்கு நாம் இட்டுள்ள பெயரைப் பற்றியும் பேசவேண்டும். தமிழகத்தில் 'மன அதிர்ச்சி', 'மனக்காயம்' என்பனவும், ஈழத்தில் 'மனவடு' என்பதும் வழங்குகின்றன. (தமிழகத்தின் 'மன அழுத்தம்' நெருக்கீட்டையும் மனச்சோர்வையும் வேறுபாடின்றிக் குறித்து விளைக்கும் குழப்பம் தனிக்கட்டுரைக்கு உரியது.) பிறமொழிகளில் பயிலும் 'டிராமா' என்னும் சொல்லின் கிரேக்க மூலத்திற்குப் புண் என்பதே பொருள். வடுவோ புண்ணின் தழும்பு. தீச்சுட்டதையும் நாச்சுட்டதையும் வேறுபடுத்தும் 129ஆம் குறளில் முன்னதற்குப் புண் எனவும் பின்னதற்கு வடு எனவும் சொல் அமைந்துள்ளது. ஆறிப்போவதால் அது புண் எனப்பட்டது. ஆறாது கிடத்தலால் இது வடு எனப்பட்டது என்பது பரிமேலழகர் உரை. அவ்வுரைவழி நோக்கின், ஒருவரிடம் 'உங்களுக்கு மனவடு' என்று கூறுவது 'இது ஆறாது' என்று கூறுவதற்கு ஒப்பாகும்.

மருந்தின் பெயரோ இதற்கு நேர்மாறானது. 'ஆறு' என்னும் வினை புண்ணுக்கும் பாலுக்கும் சினத்திற்கும் துயருக்கும் பொதுவானது. புண் ஆறும், காய்ச்சிய பால் ஆறும், சினம் ஆறும், இழந்தவர் மனம் ஆறும். உடலுக்கும் உள்ளத்திற்கும் ஒரே வினை. அகப்பாடல்களின் துறைக்குறிப்புகள் பிரிவிடை ஆற்றாளாகும் தலைவியையும் அவளை ஆற்றுவிக்கும் தோழியையும் ஓயாது பேசுகின்றன. 'ஆற்றுப்படுத்தல்' என்னும் இற்றைக் கலைச்சொல், நெறி என்னும் பொருளுடைய ஆறு என்னும் பெயரடியாகப் பிறந்த ஆற்றுப்படை மரபினது. எனினும் கேட்போர் செவியில் ஆறுதலின் பொருளையும் சேர்த்தே ஒலிக்கிறது. இஃது இலக்கணத்தால் பிழை, வழக்கால் பேறு.

இதன்வழி 'மனப்புண்' என்று மாற்றிவிடலாமே எனத் தோன்றும். இக்கட்டுரையாளரும் கையேட்டில் அவ்வாறே திருத்தினார். முகாமின் பெண்கள் அதனை ஏற்கவில்லை. மனவடு என்னும் சொல் அவர்கள் இடர்களைக் கடந்துவந்த காலத்தில் அவர்களோடு வந்த சொல். தயா சோமசுந்தரம் 1998இல் வெளியிட்ட ஆங்கில நூலின் தலைப்பும் வடுப்பட்ட மனங்கள் என்னும் பொருளினதே. புண் என்றால் நேற்றையது போல் இருக்கிறது, வடு என்றால் பட்டு வெகுகாலமாயிற்று என்று தெரிகிறது என ஒருவர் விளக்கினார். பரிமேலழகருக்கு ஆறாமையின் அடையாளமாகிய வடு, அப்பெண்ணுக்குப் பிழைத்திருத்தலின் அடையாளம். உரைநூல் கொண்டு அதனை மறுக்க ஆய்வாளருக்கு உரிமையில்லை.

ஆறுதலுக்குத் தமிழர் வைத்திருந்த உடல்வழிச் சடங்குகள் பல. ஒப்பாரியில் பெண்கள் வட்டமாக அமர்ந்து ஒருவர் தோள்மேல் ஒருவர் கையிட்டு அசைந்தாடி அழுவதில் தொடுகையும் தாளமும் மூச்சும் குரலும் ஒருங்கே இயங்குகின்றன. எரியூட்டிய மறுநாள் நீரும் பாலும் தெளித்துச் சாம்பலைக் குளிர்விப்பது காடாற்று, அங்கும் அவ்வினையே. ஆயின் இவை யாவும் உடல் கிடைத்தோர்க்கு உரியன. காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்கள் இச்சடங்குகளைச் செய்யவியலாமல் துயரை முடிக்கவும் இயலாமல் நிற்பதை ஈழத்து உளமருத்துவ எழுத்துகள் பலகாலும் சுட்டியுள்ளன. முகாமில் 'எதைப் பிள்ளை சொல்லுறது' என்று கேட்ட பெண்மணியும் அத்தகையோருள் ஒருவர். பயிற்சியின் மூன்றாம் நாள், தம் அடிவயிற்றில் குளிர் தங்கியிருப்பதாகவும், பக்கத்திலிருப்பவர் கையைப் பிடித்துக்கொண்டால் சற்றே குறைவதாகவும் கூறினார். அதற்குமேல் எதுவும் கூறவில்லை; எவரும் கேட்கவுமில்லை.

கையேட்டின் திருத்திய படியில் 'மனவடு' அப்படியே நிற்கிறது. 'உணர்வுகளைக் கவனியுங்கள்' என்று இருந்த பதினான்கு இடங்களிலும் 'உடம்பில் எங்கே, என்ன செய்கிறது?' என்பது இடம்பெற்றுள்ளது.